பொட்டு வைத்த இடம்

எங்களிடம் ஒரு விமானம் இருக்கிறது என்று சொன்னால் லண்டன் ஹவுன்ஸ்லோவில் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். கலியாண வீட்டுப் பந்தியில் பக்கத்தில் இருப்பவர்கள், பிளேன் வைத்திருக்கிற ஆட்கள் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டு என் கழுத்தையும் காதையும் பார்ப்பார்கள். அவர்கள் நினைக்கிற விமானம் வேறு. எங்களுடையது நாலு பேர் முழங்காலை மடக்கிக்கொண்டு இருக்கக்கூடிய, ஒற்றை எஞ்சின் பூட்டிய, என்னைவிட வயதில் மூத்த ஒரு தகரம். அதைப் பராமரிப்பது ஆனையைக் கட்டித் தீனி போடுகிற கதைதான். நான் அதற்குப் பெயரும் வைத்திருந்தேன். பொம்மர்.

சண்டைக் காலத்தில் எங்கள் ஊர்ப்பக்கத்தில் குண்டு போட வருகிற விமானத்துக்கு அதுதான் பெயர். ஆங்கிலச் சொல் எங்கள் வாயில் புகுந்து அப்படித்தான் வெளியே வந்தது. ஹெலி வந்தால் ஒரு ஓட்டம், பொம்மர் வந்தால் இன்னொரு ஓட்டம். "உங்கட பொம்மருக்கு இண்டைக்கு என்ன வருத்தம்?" என்று நான் கேட்டால் என் கணவர் சிரிக்கவும் மாட்டார், கோபிக்கவும் மாட்டார். வருத்தம் என்னவென்று சொல்லத் தொடங்கிவிடுவார். டயரில் காற்று இறங்குகிறது, எண்ணெய் கசிகிறது, இறக்கையின் அடிப்பக்கத்தில் துரு பிடித்திருக்கிறது என்று வைத்தியரைப் போல ஒவ்வொன்றாகச் சொல்வார். எனக்கு அதில் பாதி விளங்காது. ஆனாலும் காது கேட்கும்தானே. இத்தனை வருடம் சோறு போட்டுக்கொடுத்து, குழம்பு ஊற்றிக்கொடுத்துக் கேட்டதில், பறக்காமலே பாதி மெக்கானிக் ஆகிவிட்டேன்.

என் கணவர் பெரிய விமான நிலையத்தில் பெரிய விமானங்களைத் திருத்துகிற எஞ்சினியர். வாரம் முழுக்க அதுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, லீவு நாளில் சின்னதோடு மல்லுக்கட்டப் போவார். லண்டனைச் சுற்றி ஓடுகிற பெருந்தெருவைத் தாண்டியவுடன், வயலுக்கு நடுவில் புல் ஓடுபாதை உள்ள சிறிய விமானத்தளம் ஒன்று இருக்கிறது. அங்கே பறக்கிறதை விட்டுவிட்ட ஒரு கிழவர் இந்த விமானத்தை மழையில் போட்டு வைத்திருந்தார். வாலுக்குள் குருவி கூடு கட்டியிருந்ததாம். அதை வாங்கிக்கொண்டு வந்து என்னிடம் சொன்னபோது நான் ஒரு கிழமை அவரோடு கதைக்கவில்லை. பேசாமல் ஒரு கார் வாங்கியிருக்கலாம் என்று பிறகு சொன்னேன். கார் ஏற்கெனவே இருக்கிறதே என்றார். விசர் மனிதர்.

நான் விமானத்திடம் போகவில்லை. ஆனால் விமானம் துண்டு துண்டாக என்னிடம் வந்தது. இருக்கைகளைக் கழற்றிக்கொண்டு வந்து முன்னறையில் வைத்துத் தோல் மாற்றினார். வானொலியை மாற்ற வேண்டும் என்று சட்டம் வந்தபோது பழைய வானொலி என் பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் மாதக்கணக்காகக் கிடந்தது. வருடத்துக்கு ஒருமுறை முழுப் பரிசோதனை. அப்போது விமானத்தின் தோல் முழுவதையும் திறந்து பார்ப்பார்களாம். ஒவ்வொரு பக்கத்து ஆணிகளுக்கும் ஒரு பால்மா டின். வீட்டில் ஒரு டின் காலியாவதற்கு முன்பே எனக்கு எனக்கு என்று நிற்பார். ஒருநாள் இடியப்ப உரலைத் தேடினால் அதற்குள்ளும் ஆணி.

இதையெல்லாம் நான் பொறுத்தேன். பொறுக்காமல் என்ன செய்வது? குடிக்கிறவரில்லை, சீட்டு விளையாடுகிறவரில்லை. அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும், பின்னால் அது வேண்டியிருக்கும். சின்ன வயதில் தகப்பன் செத்தபோது, தாயின் பொட்டை நாலு பெண்கள் பிடித்து அழித்ததை அவர் கதவு நிலையோடு நின்று பார்த்தவர். அதற்குப் பிறகு அவர் ஒரு பொட்டில் கை வைத்ததில்லை. வெயிலில் என் குங்குமம் மூக்குவரை வழிந்தால்கூட, "கண்ணாடியைப் பாரும்" என்பாரே தவிர, ஒரு விரலால் துடைத்துவிடமாட்டார். மகளுக்குச் சின்னதில் கன்னத்தில் வைத்த கறுப்புப் பொட்டையும் நான்தான் துடைக்க வேண்டும்.

பிள்ளைகள் இரண்டு பேரும் அந்த விமானத்தில் ஏறி இறங்கிவிட்டார்கள். அவருடைய கூட்டாளிகள், கூட்டாளிகளின் மருமக்கள், பாரிசிலிருந்து வந்த சித்தப்பா மகன் எல்லாரும் ஏறினார்கள். நான் மட்டும் ஏறவில்லை. ஒரே ஒரு தடவை ஆரம்பத்தில் கேட்டார். ஏறமாட்டன் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரியும்.

ஹவுன்ஸ்லோவில் எங்கள் கூரைக்கு மேலேதான் பெரிய விமானங்கள் இறங்கும். கண்ணாடி அதிரும். அதற்குக் கீழே நான் நிம்மதியாக நித்திரை கொள்வேன். பெரியது ஒன்றும் செய்யாது. சின்னது, ஒற்றை எஞ்சின் வைத்தது, ஒரு வட்டம் அடித்து, சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கீழே வருகிறதே, அதுதான். பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது ஒரு பூங்காவில் புல்லில் துணி விரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். எங்கிருந்தோ அப்படி ஒன்று வந்தது. நான் எழும்பி ஓடியது எனக்குத் தெரியாது. கழிப்பறைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்ற என்னை அவர்தான் வந்து கூட்டிக்கொண்டு போனார். சூடு கண்ட பூனை என்று சிரிக்கலாம். அந்தச் சூடு என்னவென்று தெரிந்தால் சிரிக்கமாட்டார்கள்.

அன்றைக்கு அக்கா கிணற்றடியில் தலை முழுகிக்கொண்டிருந்தாள். கண் முழுக்கச் சீயாக்காய். பொம்மர் வட்டம் அடிக்கத் தொடங்கியபோது நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன். கண் எரியுதடி, நீ ஓடு, நான் வாறன் என்றாள். நான் ஓடிப் பங்கருக்குள் விழுந்தேன். பதுங்குகுழிக்குள் இருந்தால் வெளியே ஒன்றும் தெரியாது, சத்தம் மட்டும்தான். அந்தச் சத்தம் இறங்கியது, இறங்கியது, பிறகு ஏறியது. அவள் வரவில்லை. இதைக் கலியாணம் கட்டின புதிதில் அவரிடம் ஒரு தடவை சொன்னேன். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

நாலைந்து வருடங்களுக்கு முன் பரிசோதனை நேரம் விமானத்தின் சைலன்சர் வெடித்திருந்தது தெரியவந்தது. அது ஆபத்தான வெடிப்பாம். புகை உள்ளே வந்தால் ஆள் நித்திரையிலேயே போய்விடுவாராம். அப்ப மாத்துங்கோவன் என்றேன். மாற்றுவதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலத்தில் ஒரு வீடு கட்டியிருக்கலாம். பழைய மாதிரி வேண்டாமாம், வயிற்றுக்குக் கீழே நீளமாகப் பூட்டுகிற வேறு மாதிரி வேண்டுமாம். அதற்கு அனுமதி, அந்த அனுமதிக்கு இன்னொரு அனுமதி. அது வந்து பூட்டியதும் காத்தாடியும் சரியில்லை என்றார். நான் காத்தாடி என்றுதான் சொல்வேன், அவர் புரொப்பெல்லர் என்று திருத்துவார். இரண்டு தகடு வைத்த பழைய காத்தாடியைக் கழற்றிவிட்டு நாலு தகடு வைத்த புதியதைப் போட வேண்டுமாம். ஏன் இந்த அழிச்சாட்டியம் என்று கேட்டதற்கு, விமானத்தளத்தைச் சுற்றி இருக்கிற கிராமத்து வெள்ளைக்காரர்கள் சத்தம் என்று முறைப்பாடு செய்கிறார்கள் என்றார். அதையும் நம்பினேன். அவர்கள் கோயில் மணி அடித்தாலும் கவுன்சிலுக்கு எழுதுகிற ஆட்கள்தானே.

இந்த வருடம் கோடையில் கண் வைத்தியரிடம் போய்விட்டு வந்தார். அவருக்குக் கண்ணில் அழுத்தம். பக்கப் பார்வை மெல்ல மெல்லச் சுருங்குகிறதாம். இந்த முறை பறக்கிற தகுதிக்குப் போதும், அடுத்த முறை போதாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அவர் அதைச் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. டயரில் காற்று இறங்குகிறது என்று சொல்கிற அதே குரல். விமானத்தை வாங்குவதற்கு வடக்கே ஒருவர் இருக்கிறார், மாரிக் குளிர் தொடங்க முன் வந்து எடுத்துக்கொண்டு போவார் என்றும் சொன்னார். தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். பிறகு கோப்பையைப் பார்த்துக்கொண்டு, "ஒருக்கா வாறீரோ?" என்று கேட்டார்.

முதல் தடவை கேட்டதற்கும் இதற்கும் நடுவில் எங்கள் வாழ்க்கை முழுக்கக் கிடந்தது. ஓம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எழும்பி அவருடைய கோப்பையை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவினேன். மனிதருக்கு வேறு ஒன்றும் நான் குறை வைத்ததில்லை, இது ஒன்றுதான் என்று அன்று முழுக்க என் மனம் என்னைத் தின்றது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தேன். நவராத்திரி முடிவில் ஆயுத பூசை வருகிறது. வருடா வருடம் அவருடைய காருக்கும், ஸ்பானர் பெட்டிக்கும், என் தையல் மெசினுக்கும் பொட்டு வைக்கிறேன். பொம்மர் மட்டும் என்ன பாவம் செய்தது? "பூசைக்கு வாறன். ஆனால் ஏறமாட்டன்" என்றேன். அவர் தலையை ஆட்டினார்.

போகிற வழியெல்லாம் என் மடியில் சந்தனக் கிண்ணம், குங்குமம், சக்கரத்துக்கு அடியில் வைக்கத் தேசிக்காய், தேங்காய். விமானத்தளத்தில் அன்று பெரிதாக ஆட்கள் இல்லை. கொட்டகைக்கு வெளியே அது நின்றது. கிட்டத்தில் பார்த்தால் அவ்வளவு சின்னது. இதற்கா இத்தனை வருடம் பயந்தேன் என்று நினைத்தேன், ஆனாலும் நாலு அடி தள்ளித்தான் நின்றேன். எனக்காக அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. தேங்காயை விமானத்துக்கு முன்னால் உடைக்கக் கூடாது, சிரட்டைத் துண்டு காத்தாடியில் அடிபடும் என்று சொல்லி, வேலியோரம் கொண்டுபோய் உடைத்துவிட்டு வரப் போனார். நான் கிண்ணத்தோடு தனியே நின்றேன்.

காருக்கு என்றால் எங்கே வைப்பது என்று தெரியும். இதற்கு நெற்றி எது? மூக்கில் காத்தாடி. கண்ணாடியில் வைத்தால் அவருக்கு வழி மறைக்கும். சுற்றி வந்தேன். கதவுக்கு முன்னால், இடது பக்கம், வட்டமாக ஒரு சிறிய தகடு இருந்தது. நடுவில் ஊசி போகிற அளவு ஒரு ஓட்டை. பொட்டு வைப்பதற்கென்றே செய்து வைத்தது போல் இருந்தது. கண்ணை மூடி, பிள்ளையாரே, இந்த மனிசனைக் கடைசி நாள் வரைக்கும் பத்திரமாய் இறக்கு என்று சொல்லி, சந்தனத்தைத் தடிப்பாகக் குழைத்து அந்த ஓட்டையிலேயே வைத்து அழுத்தினேன். அதன் மேல் குங்குமம். அழகாக இருந்தது. நான் அந்த விமானத்தைத் தொட்ட முதல் தடவை அது.

பூசைக்குப் பிறகு அவர் தனியே ஒரு சுற்றுப் பறப்பதாக இருந்தது. திரும்பி வந்து, பறக்கப் போகிறவர்கள் எல்லாரும் செய்வது போல, ஒரு பக்கத்திலிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டு வந்தார். சக்கரம், இறக்கை, எண்ணெய். இடது பக்கம் வந்ததும் கை நின்றது. அந்தப் பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கையில் துணி இருந்தது. துணியைச் சட்டைப் பைக்குள் வைத்தார், பிறகு எடுத்தார். அந்த நேரம் கொட்டகைக்குள் இருந்து வந்த வெள்ளைக்கார எஞ்சினியர், விமானம் பறக்கலாம் என்று கையெழுத்து வைக்கிற வயதான மனிதர், எட்டிப் பார்த்துவிட்டு ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் கணவர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

பிறகு என்னிடம் வந்து, இன்றைக்குப் பறக்கவில்லை, காற்று சரியில்லை, வீட்டுக்குப் போவோம் என்றார். ஓடுபாதை ஓரத்தில் காற்றைக் காட்டுகிற துணிக்குழாய் ஈரச் சேலை மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் கூட வாழ்ந்தவளிடம் பொய் சொல்லவும் தெரியாத மனிதர்.

"இஞ்சாருங்கோ, என்னெண்டு சொல்லுங்கோ" என்றேன்.

மென்று விழுங்கித்தான் சொன்னார். நான் பொட்டு வைத்தது விமானம் காற்றை உணர்கிற ஓட்டையாம். மேலே போகப் போகக் காற்று மெலியும். அந்த ஓட்டையால்தான் விமானம் அதை அறிந்து, எவ்வளவு உயரம் என்று முள்ளில் காட்டுமாம். அது அடைபட்டால் எவ்வளவு மேலே போனாலும் முள் நிலத்திலேயே நிற்கும். வேகமும் பிழையாகக் காட்டும். அப்படிப் பறந்து நிலத்தில் மோதினவர்கள் இருக்கிறார்கள்.

"அப்ப அதைத் துடைச்சுப்போட்டுப் போங்கோவன்."

"நீர் வைச்ச பொட்டை நான் அழிக்கமாட்டன்" என்றார். "பறக்காட்டில் என்ன, விடும்."

எனக்கு வந்த ஆத்திரம் இருக்கிறதே! அவருக்கு மிச்சம் இருந்ததே இந்த ஒரு கொஞ்ச நாள்தான். அதையும் என் சந்தனத்துக்காக விட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம் என்கிறார். பாவி மனிதா என்று அழுகையும் சேர்ந்து வந்தது.

"ஆருக்கு வைச்ச பொட்டு இது? உங்கட உயிருக்கு வைச்சது. அதுவே உங்களைக் கொண்டுபோய் மோதும் எண்டால் எனக்கு அந்தக் கோதாரிப் பொட்டு என்னத்துக்கு?" என்று சொல்லி, சேலைத் தலைப்பை எடுத்து நானே துடைத்தேன். அவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. நான் பார்க்காத மாதிரித் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

துடைத்தால் மட்டும் போதாதாம். சந்தனம் ஓட்டைக்குள் போயிருக்கும், உள்ளே இருக்கிற குழாயைக் கழற்றிச் சோதிக்க வேண்டும் என்றார் எஞ்சினியர். என் கணவர் காலை வெளியே விட்டுக்கொண்டு, விமானத்தின் முன்பக்கத்துக்குள் தலையைக் கொடுத்து அந்த வேலையில் இறங்கினார். எஞ்சினியர் எனக்குப் பால் குறைந்த தேநீர் ஒன்று கொண்டுவந்து தந்தார். நான் ஒரு மரியாதைக்கு, உங்கள் கிராமத்து ஆட்களின் முறைப்பாடு இப்போது குறைந்திருக்கும்தானே என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எந்த முறைப்பாடு என்றார் அவர்.

கிராமத்தில் ஒருவரும் ஒன்றும் சொன்னதில்லையாம். சைலன்சர் வெடித்தபோது அதே மாதிரி வேறொன்று கையிலேயே இருந்ததாம். இவர்தான் வேண்டாம் என்றாராம். நீளமானதைப் பூட்டிவிட்டு எஞ்சினியரைப் பறக்கச் சொல்லி, தான் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம் வேலியோரம் போய்க் கண்ணை மூடிக்கொண்டு நிற்பாராம். வட்டம் அடிக்கச் சொல்வாராம். சத்தத்தைக் கூட்டிக்கொண்டு கீழே வரச் சொல்வாராம். இறங்கினதும் வந்து, இல்லை, இன்னும் இருக்கிறது என்று தலையாட்டுவாராம். காத்தாடியை மாற்றிய பிறகும் இரண்டு மாரி இதே வேலை. பொறுக்க முடியாமல் ஒருநாள் எஞ்சினியர், முறைப்பாடு செய்தது யார், சொல்லித் தொலை என்று கேட்டிருக்கிறார். என்னுடைய மனைவி, ஆனால் அவ எல்லாவற்றுக்கும் முறைப்பாடு செய்கிறவ, இதைப் பற்றி மட்டும் ஒரு சொல்லும் சொன்னதில்லை என்றாராம்.

நான் தேநீர்க் கோப்பையை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அந்தச் சத்தம் அவருக்கும் தெரியும். அவரும் அதே வானத்துக்குக் கீழே ஓடினவர்தான். காதுக்குள் வைத்திருந்த அந்தச் சத்தத்தோடு ஒப்பிட்டு ஒப்பிட்டு, இரண்டு மாரி அந்தக் குளிரில் நின்றிருக்கிறார். நான் வீட்டில் பால்மா டின்னுக்குச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

குழாய் பூட்டி முடிந்து, சோதித்து, எஞ்சினியர் சரி என்றார். கையைத் துடைத்துக்கொண்டு வந்த என் கணவரிடம், ஸ்டார்ட் பண்ணுங்கோ, நான் இஞ்சை நிண்டு கேக்கிறன் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். ஏறினார். காத்தாடி சுழன்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பக்கத்து வீட்டு வாஷிங் மெசின் சுவருக்கு அந்தப் பக்கம் ஓடுவது போல ஒரு சத்தம். கூட்டினார். குறைத்தார். திரும்பவும் கூட்டினார். அது இல்லை. நான் எவ்வளவு தேடியும் அது இல்லை. அக்காவுக்காக அந்த வெட்டவெளியில் நின்று வாய்விட்டு அழுதேன். அத்தனை வருடமும் அவளுக்காக எனக்கு அழுகை வந்ததில்லை, ஓட்டம் மட்டும்தான் வந்தது.

அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். அழுது முடிந்ததும் மிச்சச் சந்தனத்தை எடுத்தேன். எங்கே வைக்கலாம் என்று இந்த முறை கேட்டேன். அவர் கதவில் ஒரு இடத்தைக் காட்டினார். வைத்தேன். பிறகு, தேசிக்காய்க்கு மேலால் சக்கரம் ஏறினால் போதும் என்று நினைத்துக்கொண்டு வந்தவள், சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு விமானத்தின் படியில் கால் வைத்தேன். பிடித்து ஏற்ற வந்தவரின் கை என் கையைவிட நடுங்கியது. விமானம் ஓட்டுகிற கையப்பா இது, நேராய்ப் பிடியுங்கோ என்றேன்.

உள்ளே எத்தனையோ முள்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், உயரம் காட்டுகிறது எது என்று கேட்டு வைத்திருந்தேன். புல் மேல் குலுங்கிக்கொண்டு ஓடும்போது அதைத்தான் பார்த்தேன். குலுக்கம் நின்றது. வெளியே பார்க்கப் பயமாக இருந்தது, ஆனால் அந்த முள் தன் இடத்தை விட்டு அசைந்ததை நான் கண்டேன்.

"பயமெண்டால் சொல்லும். இப்பவே திரும்பி இறங்கலாம்" என்று காதில் மாட்டியிருந்த ஹெட்செட்டுக்குள் அவர் குரல் வந்தது.

முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னேன்.

"ஏறட்டும்."